645 ரன், இன்னும் அவுட் இல்லை

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. யு.கே.ஜி. பிள்ளைக்கும் தெரிந்த சொல். அந்த ஒற்றைச் சொல்லோடு ஆக்ஸ்ஃபோர்டில் ஒருவர் ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார் என்று படித்த அன்றைக்கு எனக்கு ராத்தூக்கமே வரவில்லை. அவர் பெயர் பீட்டர் கில்லிவர். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களில் ஒருவர். சொல், 'ரன்'. 2011இல் கணக்கை முடித்துப் பார்த்தால், வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்! பெயர்ச்சொல்லாக வருகிற ரன் இதில் சேராது. சேப்பாக்கத்தில் அடிக்கிற ரன்னெல்லாம் தனிக் கணக்கு.

645 என்றால் எவ்வளவு என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். நாளுக்கு ஒரு பொருளாகக் கற்றுக்கொண்டு வந்தாலும் முடிக்க ஒன்றே முக்கால் வருடம் ஆகும். ஒரே சொல்லுக்கு! நமக்கு ரன் என்றால் ஓடு. பள்ளிக்கூடத்தில் அத்தோடு பக்கத்தைப் புரட்டிவிட்டோம். இதையெல்லாம் யார் உட்கார்ந்து எண்ணுகிறார்கள்? எப்படிப் பிரிக்கிறார்கள்? இந்தக் குட்டிச் சொல்லுக்குள் இவ்வளவு பேர் எப்படிக் குடியேறினார்கள்? வாருங்கள், செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய்ப் பார்ப்போம்.

முதலில் போகிற இடம் ஒரு தகரக் கொட்டகை. உலகத்தின் பெரிய அகராதி பளிங்கு மண்டபத்தில் பிறந்திருக்கும் என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஜேம்ஸ் மர்ரி 1879இல் அகராதியின் ஆசிரியராக ஒப்பந்தம் போட்டபோது லண்டனை ஒட்டிய மில் ஹில் பள்ளியில் வாத்தியார். பத்து வருடத்தில் வேலை முடிந்துவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். அவர் இரும்புத் தகடு அடித்த கொட்டகை ஒன்றைப் போட்டு, அதற்கு ஸ்கிரிப்டோரியம் என்று பெயர் வைத்தார். மடங்களில் துறவிகள் ஏடு படியெடுத்த அறைக்கு உரிய லத்தீன் பெயர் அது. சுவரில் புறாக்கூண்டு மாதிரி 1,029 பொந்துகள். 1885இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குக் குடிபோனபோது அங்கேயும் தோட்டத்தில் ஒரு கொட்டகை. அது கண்ணை உறுத்துகிறது என்று பக்கத்து வீட்டிலிருந்து ஆட்சேபம் வர, தரையைத் தோண்டிக் கொஞ்சம் இறக்கிக் கட்டினார்கள். அதனால் உள்ளே ஒரே ஈரம், குளிர். மர்ரி தன் கால்களை ஒரு பெட்டிக்குள் விட்டுக்கொண்டு எழுதுவாராம். தபால் குவிந்த குவியலைப் பார்த்து, தபால் துறையே அவர் வீட்டு வாசலில் ஒரு சிவப்புப் பெட்டியை நட்டுவிட்டது. பான்பரி ரோட்டில் 78ஆம் எண் வீட்டுக்கு முன்னால் அது இப்போதும் நிற்கிறது.

அந்த 1,029 பொந்துகளிலும் இருந்தவை துண்டுச் சீட்டுகள். சொல்லப்போனால் இந்தக் கதையே சீட்டுக் கதைதான். இடது மேல் மூலையில் ஒரு சொல். கீழே வருடம், எழுதியவர் பெயர், புத்தகத்தின் பெயர், பக்க எண். அதற்கும் கீழே, அந்தச் சொல் வருகிற வாக்கியம். அவ்வளவுதான். 1857இல் லண்டன் மொழியியல் கழகத்தில் ரிச்சர்டு டிரெஞ்ச் என்ற பாதிரியார் ஒரு யோசனை சொன்னார்: அகராதிக்காரர் சொற்களுக்கு நீதிபதி அல்ல, வரலாற்றாசிரியர், நல்ல சொல் கெட்ட சொல் பார்க்காமல் எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும். அதற்காக ஊர் பேர் தெரியாத நூற்றுக்கணக்கான வாசகர்கள், ஒரு காசு வாங்காமல், புத்தகம் படித்துப் படித்துச் சீட்டு எழுதி அனுப்பினார்கள். காசியில் சமஸ்கிருதம் கற்பித்துவிட்டுப் போன ஃபிட்ஸெட்வர்டு ஹால் என்ற அமெரிக்கர், இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் அடைந்துகொண்டு, தினம் நான்கு மணி நேரம் என்று ஏறக்குறைய இருபது வருடம் இந்த வேலையைச் செய்தார். மர்ரியை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை.

மர்ரி பொறுப்பேற்றபோது, அவருக்கு முன்னால் இருந்தவர்கள் சேர்த்து வைத்த சீட்டுகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. ஏறக்குறைய இரண்டு டன்! ஒரு சாக்கில் செத்த எலி. இன்னொன்றில் உயிருள்ள சுண்டெலி, குஞ்சு குட்டிகளோடு. 'ஹெச்' வரிசை முழுவதும் இத்தாலியில், ஃபிளாரன்ஸில் கிடந்தது. 'பி.ஏ.' என்று தொடங்கும் சொற்களின் சீட்டுகளைத் தேடிப் போனால், அயர்லாந்தில் ஒரு குதிரை லாயத்தில் அடுப்புப் பற்றவைக்கப் பயன்பட்டு, மிச்சம் கொஞ்சம்தான் கிடைத்தது. ஒரு மொழியின் சொத்து சாம்பலாகப் போன அந்த லாயத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்குகிறது.

சீட்டுகளைப் பிரிக்க மர்ரி வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். பதினொரு பிள்ளைகள். வயதுக்கு ஏற்ற கைக்காசு உண்டு. அகரவரிசையில் அடுக்கி அடுக்கி, அவர்களுக்குத் தெரியாத சொல்லே இல்லாமல் போயிருக்கும். எல்ஸி, ராஸ்ஃப்ரித் என்ற இரண்டு மகள்கள் பிறகு அகராதி அலுவலகத்திலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள்.

இப்போது நம் ரன்னுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. வாசகர்களிடம் மர்ரி, அரிதான சொல், பழைய சொல், புதுமையான சொல் கண்ணில் பட்டால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். அவர்கள் அதை அப்படியே செய்தார்கள். விளைவு? 'அப்யூஷன்' என்று யாருமே புழங்காத ஒரு சொல்லுக்கு ஐம்பது சீட்டு வந்தது. 'அப்யூஸ்' என்ற அன்றாடச் சொல்லுக்கு ஐந்துகூட இல்லை! கல்யாண வீட்டில் வெளியூர் விருந்தாளியை எல்லோரும் விழுந்து விழுந்து கவனிக்க, அடுப்படியில் நின்று வேலை செய்கிறவளைச் சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லாமல் போகுமே, அந்த மாதிரி. கண்முன் எப்போதும் இருப்பதால் கண்ணில் படாமல் போகிற சொற்கள் அவை. போ, வா, எடு, வை, ஓடு. கடைசியில் அகராதிக்காரர்களே புத்தகங்களைக் கிளறி அவற்றுக்கு உதாரணம் தேட வேண்டியிருந்தது. அரிய சொல்லை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். முதுகை ஒடிப்பது எப்போதும் எளிய சொல்தான்.

அப்படித்தான் 1989இல் இருபது தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைச்சொல் முடிசூடியது. சுமார் 430 பொருள், அறுபதாயிரம் சொல் அளவுக்கு விளக்கம். ஒரு நாவலே எழுதிவிடலாம். 2000இல் அகராதி முழுவதையும் புதிதாகத் திருத்தி எழுதத் தொடங்கினார்கள், 'எம்' எழுத்திலிருந்து. முதல் வாய்ப்பிலேயே 'மேக்' முந்தியது. 2007இல் 'புட்' அதை முந்தியது. 2011இல் பின்னாலிருந்து வந்த ரன் எல்லோரையும் தாண்டி, பெயருக்கு ஏற்றபடி, ஓடியே போய்விட்டது.

படித்து ரசித்தால் மட்டும் போதுமா? கையால் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்குக் கை துறுதுறுத்தது. போன மே மாத லீவில் அண்ணன் மகள் வந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. பழைய டைரி ஒன்றைக் கிழித்து நாற்பது சீட்டு தயார் செய்தோம். சீட்டுக்கு ஒரு வாக்கியம், எல்லாவற்றிலும் ரன். ஃபேன் போட்டால் சீட்டு பறக்கும் என்பதால், மே மாத வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு, கூடத்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். கழுத்திலிருந்து முதுகுக்கு வியர்வை இறங்குகிறது. அதுவும் ஒரு ரன்தான் என்று அப்போதே ஒரு சீட்டு எழுதிச் சேர்த்தேன்.

"இதுல என்ன அத்தை இருக்கு? காலால ஓடுறது ஒரு கட்டு, தண்ணி ஓடுறது ஒரு கட்டு. முடிஞ்சுது" என்றாள்.

"சரி, போடு பாப்போம்."

நாய் கேட்டுக்கு ஓடியது, கால் கட்டு. ஆறு கடலுக்கு ஓடுகிறது, தண்ணீர்க் கட்டு. குழாயைத் திறந்துவிட்டுப் போய்விட்டார்கள், தண்ணீர். மூக்கு ஒழுகுகிறது, அதுவும் தண்ணீர். கொஞ்சம் முகத்தைச் சுளித்துக்கொண்டே போட்டாள். கை வேகமாகப் போனது. ஆறாவது சீட்டில் நின்றது. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் 'ரன்' ஆகிறது.

"பஸ்ஸுக்குக் கால் கிடையாது. ஆனா சக்கரம் இருக்குல்ல? கால் பக்கமே போடவா?"

"இப்ப மணி ராத்திரி ரெண்டு. பஸ்ஸெல்லாம் டிப்போவுல நிக்குது. அப்பவும் இந்த வாக்கியம் சரிதானே?"

அவள் கண் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே! நின்றுகொண்டிருக்கிற பஸ்ஸும் 'ரன்' ஆகிறது. இது ஓட்டம் இல்லை, வழக்கம். புதுக் கட்டு. அடுத்த சீட்டு அதைவிடப் பெரிய வம்பு: பஸ் நிற்கிறது, இன்ஜின் 'ரன்' ஆகிறது. ஓர் அங்குலம் நகரவில்லை, ஆனாலும் ஓடுகிறது. இன்னொரு கட்டு. அதற்கும் அடுத்தது, ஆற்றங்கரையோரமாக ரோடு 'ரன்' ஆகிறது. ரோடு அசைகிறதா? பஸ்ஸாவது காலையில் நகரும். ரோடு எந்தக் காலத்திலும் நகராது. பின்னே எது ஓடுகிறது? இரண்டு பேரும் அந்தச் சீட்டைத் தரையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தோம். கடைசியில் அவள்தான் சொன்னாள்: "நம்ம கண்ணு ஓடுது அத்தை. ரோட்டு மேலயே."

எழுந்து அவளைக் கட்டிக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை! மொழி அறிஞர்கள் இதைப் பற்றிக் கட்டுரை கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். அவள் வெறும் தரையில் உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டாள்.

பிறகு நாடகம் நூறு நாள் ஓடியது. சர்க்கரை தீர்ந்துபோனது. உடம்பில் காய்ச்சல் அடித்தது. லாரி மரத்தில் மோதியது. கடைத்தெருவில் பழைய டீச்சரை எதிர்பாராமல் பார்த்தோம். கடைசி இரண்டுக்கும் ஆங்கிலத்தில் அட்சரம் பிசகாமல் ஒரே தொடர், ரன்னும் இன்டுவும். டீச்சர் நல்லவேளை லாரியில் வரவில்லை. சாயங்காலம் காபி நேரத்துக்குள் நாற்பத்தொரு சீட்டுக்குப் பதினொரு கட்டு. ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு பொருள் என்று உப்புப் பொட்டலம், சீப்பு, மருந்துப் பாட்டில். தாண்டித் தாண்டித்தான் சமையலறைக்குப் போக முடிந்தது.

அகராதிக்காரர்களிலும் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி கிடைத்ததையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கட்டும். இன்னொரு கட்சி முடியைக்கூட இரண்டாகப் பிளக்கும். ஆக்ஸ்ஃபோர்டில் பிளப்பவர்களின் கைதான் ஓங்கியிருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. அவர்கள் கத்தி, வருடம். எங்கள் சீட்டுகளில் வருடம் இல்லை, அவர்கள் சீட்டுகளில் இருக்கிறது. ஒரு கட்டைக் காலவரிசையில் அடுக்கும்போது, இந்தப் பொருள் இந்த நூற்றாண்டுக்கு முன் இல்லை, அதற்குப் பிறகு கொத்துக் கொத்தாக வருகிறது என்று தெரிந்தால், அதற்குத் தனி எண். ஒவ்வொரு எண்ணும் ஒரு பிறந்தநாள். 645 பிறந்தநாள்!

இவ்வளவுக்கும், முதல் பொருளே லேசுப்பட்டதில்லை. காலால் ஓடுவது என்றால் என்ன? வேகமாக நடப்பதா? வேகநடைப் போட்டியில் போகிறவர் நம் தெருவில் ஓடுகிறவரை எளிதாக முந்திவிடுவார், ஆனாலும் அவர் நடக்கிறார்தான். வித்தியாசம் வேகத்தில் இல்லை. நடக்கும்போது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். ஓடும்போது இரண்டு காலும் அந்தரத்தில் இருக்கிற ஒரு கணம் உண்டு. பாய்கிற குதிரைக்கு நான்கு குளம்பும் தரையை விடுகிற கணம் உண்டா என்ற சண்டையை, 1878இல் எட்வர்டு மைபிரிட்ஜ் கலிபோர்னியாவில் வரிசையாகக் கேமரா நிறுத்திப் படம் பிடித்துத் தீர்த்துவைத்தார். உண்டு! அதற்கு அடுத்த வருடம்தான் மர்ரி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். கேமராவும் அகராதியும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஓட்டத்தின் இலக்கணத்தைத் தேடிக்கொண்டிருந்தன.

பூர்வீகத்துக்குப் போவோம், இது எனக்கு உயிர். ஆயிரம் வருடத்துக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் 'ரின்னன்'. ஆனால் அந்த வடிவத்தைவிட அதிகம் புழங்கியது 'இர்னன்' என்ற வடிவம். 'ர'வும் 'இ'யும் இடம் மாறி நிற்கின்றன. நமக்கு இது புதிதா? தசை சதையானது, விசிறி சிவிறியானது. அதே கூத்து அங்கேயும். பறவையைக் குறிக்கும் 'பேர்ட்' ஒரு காலத்தில் 'பிரிட்'. மூன்றாவது என்னும் 'தேர்ட்' ஒரு காலத்தில் 'திரிடா'. அதனால்தான் 'த்ரீ'யோடு அதற்கு இன்னும் முகஜாடை இருக்கிறது. பிறகு வடக்கிலிருந்து கப்பலில் வந்து குடியேறிய ஸ்காண்டிநேவியர்கள் தங்கள் 'ரென்னா'வைக் கொண்டுவந்தார்கள். உறவுக்காரச் சொல்தான். இரண்டும் கலந்து, கவிஞர் சாசர் காலத்தில் 'ரென்னே'. அப்புறம் ஒரு விசித்திரம். முடிந்துபோன செயலைச் சொல்லும் வடிவத்தில் இருந்த உகரம், நிகழ்காலத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. அதுவே இன்றைய ரன். ஓடி முடித்தபின் சொல்ல வேண்டிய ஒலியை, ஓடும்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜெர்மானியர்கள் அந்தப் பழைய ரின்னனை இன்னும் வைத்திருக்கிறார்கள். அங்கே அதற்குப் பொருள், நீர் வழிவது, ஒழுகுவது. காலால் ஓட 'ரென்னன்' என்று தனிச் சொல். புரிகிறதா? தண்ணீரும் காலும் இந்தச் சொல்லில் தொடக்கத்திலிருந்தே ஒரே வீட்டுக்காரர்கள். காலில் பிறந்து பிறகு உவமையாகத் தண்ணீருக்குப் போனது என்று நாம் நினைப்போம். நம் வீட்டில் பாருங்களேன், ஓடு, ஓடை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். பாலாடைக்கட்டி செய்யப் பாலில் விடுகிற உறைமருந்து இருக்கிறதே, ரெனட், அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். சிதறியிருக்கிற பால் ஒன்றை நோக்கி ஒன்று ஓடிச் சேர்ந்து கட்டியாகிறது என்று அந்தக் காலத்து மாட்டுக்காரர் பார்த்திருக்கிறார். பால் உறைவதில் ஓர் ஓட்டத்தைப் பார்த்த கண்!

இனி நான் சொல்லப் போவதற்காகத்தான் இவ்வளவு தூரம் உங்களை இழுத்துவந்தேன். தமிழில் ஓடு, ஓட்டு என்று இரண்டு வைத்திருக்கிறோம். நான் ஓடுவேன், வண்டியை ஓட்டுவேன். தன்வினை, பிறவினை. ஒரு ஒற்று கூடினால் செய்கிறவன் செய்விக்கிறவன் ஆகிவிடுகிறான். பழைய ஆங்கிலத்திலும் இப்படி ஜோடி இருந்தது. தானே ஓட 'இர்னன்'. குதிரையை ஓட்ட 'அர்னன்' என்று ஒரு தனி வினை. காலப்போக்கில் இந்த இரண்டும் ஒன்றோடு ஒன்று உருகி ஒரே ரன் ஆகிவிட்டது. அதனால்தான் ஆங்கிலத்தில் குதிரையும் ரன், குதிரையை விரட்டுகிறவனும் ரன். தண்ணீரும் ரன், குளிக்கத் தண்ணீர் திறந்துவிடுகிறவளும் ரன். இரண்டு சொல்லின் சுமை ஒரு சொல்லின் முதுகில்! எண்ணிக்கை 645க்கு ஏறியதில் இந்தக் கலப்புக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

அப்படியானால் பழைய சாம்பியன் செட்? அது 'சிட்' என்பதன் பிறவினை! உட்கார்வது சிட், உட்கார வைப்பது செட். அமர், அமர்த்து. சரியாக நம் ஜோடி மாதிரியே. இதைக் கண்டபோது நாற்காலியிலிருந்து எழுந்து கூடத்தில் இரண்டு சுற்று சுற்றினேன். விழுவது 'ஃபால்', மரத்தை விழச் செய்வது 'ஃபெல்'. படுப்பது 'லை', படுக்க வைப்பது 'லே'. பள்ளியில் லை, லே குழப்பத்துக்காக நாம் வாங்கிய குட்டு எத்தனை! படு, படுத்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரே நாளில் பிடிபட்டிருக்கும். நம் மொழிப் பாடத்தையும் அவர்கள் மொழிப் பாடத்தையும் ஒரே மேசையில் வைத்துச் சொல்லிக்கொடுக்காதது எனக்குத் தீராத குறை.

ஒரே மேசையில் வைத்தால் இன்னும் என்னவெல்லாம் கிடைக்கிறது, பாருங்கள். ஆங்கிலேயர் கடையை 'ரன்' பண்ணுகிறார். நாம் கடை நடத்துகிறோம். நட, நடத்து. அவர்கள் ஓட்டுவதை நாம் நடக்கவிடுகிறோம்; பள்ளிக்கூடமும் நடத்துகிறோம், குடும்பமும் நடத்துகிறோம். தேர்தல் வந்தால் அமெரிக்காவில் வேட்பாளர் ஓடுகிறார். இங்கிலாந்தில் அதே வேட்பாளர் நிற்கிறார், ஸ்டாண்ட். நாம்? நிற்கிறோம். எங்கள் தொகுதியில் யார் நிற்கிறார் என்றுதான் கேட்போம், ஓடுகிறார் என்று ஒருநாளும் சொல்ல மாட்டோம். ஆனால் படம் மட்டும் நமக்கும் ஓடும், நூறு நாள், இருநூறு நாள். பிழைப்பும் ஓடும். மனசுக்குள் என்னவோ ஓடும். கிரிக்கெட் வர்ணனையில் ரன்னைத் துணிந்து ஓட்டம் என்று மொழிபெயர்த்தவர் யாரோ, அவர் கைக்கு ஒரு முத்தம். இங்கிலாந்திலேயே 18ஆம் நூற்றாண்டில் ரன்னைக் கத்தியால் குச்சியில் கீறித்தான் எண்ணினார்கள், 'நாட்ச்' என்று சொல்லி. கீறலைவிட ஓட்டம் எவ்வளவு அழகு!

இயந்திரங்கள் வந்த கதைக்கு வருகிறேன். நான் மனதில் வைத்திருக்கிற படம் ஒரு தண்ணீர் ஆலை. ஓடை ஓடுகிறது, அந்த ஓட்டத்தில் சக்கரம் ஓடுகிறது, சக்கரம் ஓட ஆலை ஓடுகிறது, ஆலையை ஓட்டுகிறவர் ஒருவர் மாவு படிந்த புருவத்தோடு நிற்கிறார். நான்கும் ரன். தண்ணீரிலிருந்து மனிதர் வரை ஒரே சொல் கைமாறிக் கைமாறி வந்துவிட்டது. ஆகவே 1830இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே நீராவி ரயில் விட்டபோது, அதற்குப் புதுச் சொல் தேட வேண்டிய அவசியமே வரவில்லை. ரன் தயாராக நின்றது. ரயில், டிராம், அச்சு இயந்திரம், பத்திரிகையில் வருகிற செய்தி, கடைசியில் கம்ப்யூட்டர் புரோகிராம், எல்லாம் வந்து வரிசையில் ஏறிக்கொண்டன. 'ரன்வே'யின் கதை தெரியுமா? விமானம் பறப்பதற்கு வெகுகாலம் முன்பே அமெரிக்கக் காடுகளில் அந்தச் சொல் இருந்தது. மான்கள் வழக்கமாகப் போய்வருகிற தடத்துக்குப் பெயர் அது. மீனம்பாக்கத்தில் ஓடுபாதையில் விமானம் வேகமெடுக்கும்போது, சக்கரத்துக்கு அடியில் ஒரு மான்தடம் கிடக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன். இருக்கை வார் கட்டிய வயிற்றுக்குள் ஒரு சிலிர்ப்பு.

பத்து வருடம் என்று தொடங்கிய அகராதி, ஐந்து வருடத்தில் 'ஆன்ட்' வரைதான் வந்தது, எறும்பு வரை. மர்ரி 1915இல் 'டி' வரிசையில் இருக்கும்போதே இறந்துபோனார். 'ஆர்' வரிசையை வில்லியம் கிரெய்கி என்ற ஸ்காட்லாந்துக்காரர் பார்த்துக்கொண்டார். ஆக, கில்லிவருக்கு முன்னால் ரன்னைச் சுமந்தவர் அவர். 1928இல் முதல் பதிப்பு முடிந்தபோது 4,14,825 சொற்கள், 18,27,306 மேற்கோள்கள். ஒவ்வொன்றும் ஒரு சீட்டு. ஒவ்வொரு சீட்டுக்குப் பின்னால் விளக்கு வெளிச்சத்தில் குனிந்த ஒரு தலை.

இவ்வளவு கவனத்திலும் ஒரு சொல் தவறிவிட்டது. 'பாண்ட்மெய்ட்', அடிமைப்பெண். அந்தச் சொல்லின் சீட்டுகள் எங்கோ நழுவிப்போய், 'பி' எழுத்து அச்சாகி வெகுநாள் கழித்துத்தான் கண்ணில் பட்டன. 1933இல் வந்த பிற்சேர்க்கையில்தான் அவளுக்கு இடம் கிடைத்தது. மர்ரி இதை நினைத்து நினைத்து வருந்தியிருக்கிறார். எனக்கும் அவளை நினைத்தால் தொண்டை அடைக்கும். யார் கண்ணிலும் படாமல் வேலை செய்தவள், அகராதியிலும் கண்ணில் படாமல் போனாள்.

இந்தக் கதையை அண்ணன் மகளிடம் சொல்லித்தான் எங்கள் நாற்பத்தொரு சீட்டையும் இரண்டு தடவை எண்ணி, ரப்பர் பேண்ட் போட்டு, ஷூ பெட்டியில் வைத்தோம். மறுநாள் காலையில் கூடத்தைப் பெருக்கினேன். சோபாவுக்கு அடியில் துடைப்பம் பட்டு ஒரு காகிதம் வெளியே வந்தது. எழுதி வைத்து, எண்ணாமல் விட்ட சீட்டு. அவள் கையெழுத்துதான்: புதுச் சட்டையைத் துவைத்ததும் சாயம் 'ரன்' ஆகிவிட்டது.

பல் துலக்கிக்கொண்டிருந்தவளிடம் கொண்டுபோய் நீட்டினேன். வாயில் நுரையோடு படித்தாள். படித்துவிட்டு ஷூ பெட்டிக்கு ஓடினாள், கால் கட்டு அர்த்தத்தில்.

"தண்ணிக் கட்டுல போடு" என்றேன்.

"இல்ல அத்தை. தண்ணி அப்படியே வாளியிலதான் இருக்கு. ஓடிப்போனது கலரு." கொஞ்சம் யோசித்தாள். "புதுக் கட்டு."

பன்னிரண்டு.